தேங்கியதைத் தாண்டு

அத்தியாயம் 6

சோறு வேகவைக்கும் ஒரு மின்பானைதான் ஐந்து குளத்து மீன்களையும் கொன்றது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது.

அந்தப் பானை இப்போது யூன்ஷியாவின் காலடியில் இருந்தது. சிவப்பு நிறம். மூடியில் ஒரு நசுங்கல். காவல் குடிசையின் ஒரே பிளக் துளைக்குக் கீழே, ஒன்றும் அறியாததுபோல் உட்கார்ந்திருந்தது.

"கைது பண்ணிடலாமா அக்கா?" என்றான் பியாவ். "பாக்கவே முழிக்குது."

"கையை எடு."

"உள்ளே சோறு இருக்கான்னு பாத்தேன். விசாரணைக்குத்தான்."

யூன்ஷியா ஜியாயி நகரத்தில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். வீட்டுக்குத் தாமதமாக வரும் கணவன்மார்களைப் பின்தொடர்வதுதான் அவளுடைய அன்றாடத் தொழில். அதனால் யார் எதைச் சொன்னாலும் பாதியை மட்டும் காதில் வாங்குவாள். பியாவ் முன்பு டாக்சி ஓட்டியவன். இப்போது அவளுடைய காரை ஓட்டுகிறான். வாயை அவன் ஓட்டுவதில்லை, அது தானாகவே ஓடுகிறது.

குடிசை வாசலில் குயென் நின்றாள். வியட்நாமிலிருந்து இந்தக் கடற்கரைக்குக் கல்யாணமாகி வந்தவள். கணவன் ஆழ்கடல் கப்பலில் இருக்கிறான். மீன் வளர்ப்பவர்கள் சங்கத்தின் ஐந்து பால்கெண்டைக் குளங்களுக்கும் அவள்தான் காவல். அவளுக்குப் பின்னால் அந்தக் குளங்கள் வெயிலில் வெறுமையாகப் பளபளத்தன. அழுகிய வாடை இன்னும் போகவில்லை.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு? கோர்வையா சொல்ல வேணாம். நடந்தபடி சொல்லு," என்றாள் யூன்ஷியா.

"மத்தியானம் அக்கா. வானம் மூடிக்கிட்டு இருந்துச்சு. பகல்ல காத்து கலக்கற தண்ணிச் சக்கரத்தை ஓட்ட மாட்டோம். ராத்திரிலதான் மீனுக்கு மூச்சு முட்டும். பகல்ல ஏதாவதுன்னா போன் கத்தும். அன்னைக்குக் கத்தவே இல்லை. நான் வலை தைச்சுக்கிட்டு இருந்தேன். திடீர்னு கொக்கு கூட்டமா வந்து இறங்குச்சு. ஓடிப்போய்ப் பாத்தா மீன் எல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு..."

அவள் நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"சக்கரம் எல்லாத்தையும் போட்டேன். பத்தல. காத்து பம்பு ஒண்ணு இருக்கு. அதுக்கு பிளக் வேணும். சுவர்ல இருக்கற பெட்டியோட பிளக்கைப் பிடுங்கிட்டு அதைச் சொருகினேன். செயலருக்கும் போன் போட்டேன். அவர் வர்றதுக்குள்ள பம்பு புகைஞ்சு நின்னுடுச்சு. கழட்டி வீசிட்டேன்."

சுவரில் இருந்த சாம்பல் நிறப் பெட்டியை யூன்ஷியா பார்த்தாள். குளத்து நீரின் ஆக்சிஜன் அளவு, கடல் வாய்க்காலின் மதகு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, எல்லாம் கம்பி வழியாக இந்தப் பெட்டிக்கு வரும். பெட்டி அதைச் சங்க அலுவலகத்துக் கணினிக்கு அனுப்பும். ஆபத்து என்றால் கணினி எல்லாருடைய போனையும் கத்த வைக்கும்.

செயலர் லூ எடுத்த புகைப்படம் யூன்ஷியாவின் கையில் இருந்தது. பெட்டியின் பிளக் தரையில் கிடக்கிறது. பக்கத்தில் சிவப்புப் பானை. பம்பு படத்தில் இல்லை.

"அன்னைக்குச் சோறு எப்ப வச்சே?"

குயென் தரையைப் பார்த்தாள்.

"காலையில."

"இந்தத் துளையிலயா?"

குயெனின் கண் பானை மூடியின் நசுங்கலுக்குப் போனது.

"ஆமா அக்கா. கொஞ்ச நேரம் பெட்டியைக் கழட்டிட்டு வச்சேன். வெந்ததும் திருப்பிச் சொருகிட்டேன். சத்தியமா சொருகிட்டேன். தினமும் அப்படித்தான். அதைச் சொன்னா யாரும் மத்ததை நம்ப மாட்டாங்க."

"என்கிட்டயே துருவிக் கேட்ட பிறகுதானே சொன்னே."

"உங்களுக்குத் தெரியாது அக்கா." அவள் குரல் உடைந்தது. "குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கேன். அதுக்காக வியட்நாம் குடியுரிமையை விட்டுட்டேன். அங்க விட்டாத்தான் இங்க குடுப்பாங்க. இன்னும் குடுக்கல. இன்னைக்குக் கூட்டத்துல சங்கம் என் மேல போலீஸ்ல புகார் குடுக்கப் போகுது. வழக்கு வந்தா இங்க குடுக்க மாட்டாங்க. அப்புறம் நான் எந்த ஊர்க்காரி?"

காரில் ஏறியதும் பியாவ் கேட்டான்.

"நம்பறீங்களா?"

"சின்னதை ஒத்துக்கிட்டுப் பெரிசை மறைக்கிறவங்களும் உண்டு. பிளக்கைப் பிடுங்கினது நிஜம். அவளே சொல்றா. மீன் திணறுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? மொத்த வழக்கும் அந்த ஒரு வார்த்தையிலதான் நிக்குது."

"பானைக்கு வாய் இருந்தா கேட்டுடலாம்."

"உன் வாயைக் கொஞ்சம் குடுத்துப் பாரேன்."

*

சங்க அலுவலகத்தில் செயலர் லூ தேநீர் ஊற்றினார். கட்டைவிரல் அளவுக் கோப்பைகள். காலியாவதற்குள் நிரப்பினார். உதடு சிரித்தது. கண் மட்டும் பியாவ் எங்கே போகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தது.

"கழிவறை எங்கன்னு கேட்டான்," என்றாள் யூன்ஷியா. "வயித்துக்கு ஆகாததைத் தின்னிருப்பான்."

"பின்பக்கம், சமையலறையைத் தாண்டி. நீங்க எடுத்துக்கோங்க மேடம். மலைத் தேயிலை." லூ கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். "எனக்கும் அந்தப் பொண்ணு மேல கோபம் இல்லை. ஆனா பாருங்க, பதிவுல வெற்றிடம். காலையில சின்னதா ஒண்ணு. மத்தியானம் பெரிசா ஒண்ணு. அந்தப் பெரிய வெற்றிடத்துலதான் மீன் செத்துச்சு. பெட்டிக்குக் கரன்ட் இல்லைன்னா எங்களுக்குத் தகவல் வராது. தகவல் வரலைன்னா போன் கத்தாது. காலையில சோறு, மத்தியானம் குழம்பு. வேற என்ன?"

யூன்ஷியா திரையைப் பார்த்தாள். எண்கள் வரிசையாக இறங்கி வந்து, ஒரு இடத்தில் சட்டென்று நின்றன. மறுபடி தொடங்கியபோது ஆக்சிஜன் அளவு கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை.

"பக்கத்துல ஏதாவது அழுக்குத் தண்ணி வாய்க்கால்ல கலந்திருக்குமோ?"

"மதகு மூடித்தான் இருந்துச்சு. சாவி என்கிட்ட இருக்கு." அவர் இடுப்பைத் தட்டிக் காட்டினார். "இந்த அஞ்சுல சேராத என் குளத்தைக்கூட இப்பதான் வடிச்சுச் சேறு எடுத்தேன். அந்தத் தண்ணியை லாரி வச்சு வெளிய கொண்டுபோனேன். வாய்க்கால்ல விட்டா மத்தவங்க குளத்துக்குப் போயிடும்ல?"

கேட்காத கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. யூன்ஷியா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இந்தக் கணினியை யாராவது நடுவுல அணைச்சுப் போட்டாங்களா?"

"யாரு தொடுவா? புயல் அடிச்சப்ப தைனான்லேர்ந்து கணினிக்காரப் பையன் ஹோங்ஜீ வந்து சரி பண்ணிட்டுப் போனான். அதுக்கப்புறம் இந்தப் பக்கமே யாரும் வரல. தூசிகூடத் துடைக்கல. பயம்தான்."

அது உண்மை போலத்தான் இருந்தது. மேசைக்கு அடியில் இருந்த கணினிப் பெட்டியின் தலையில் தூசி மெத்தையாகப் படிந்திருந்தது. அதன்மேல் வழக்கம்போல் ஒரு பச்சைப் பொட்டலம். சோளப்பொரி. 'சமர்த்தா இரு' என்று பெயரே வைத்து விற்கிறார்கள். இயந்திரம் மக்கர் பண்ணாமலிருக்க வைக்கிற வேண்டுதல்; இந்தத் தீவில் அது இல்லாத கணினி அறை கிடையாது. ஆஸ்பத்திரியிலும் இருக்கும், வங்கியிலும் இருக்கும். பச்சைதான் வைக்க வேண்டும், பச்சை விளக்கு எரிவதற்கு. மஞ்சளை வைத்துவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. விற்பனைத் தேதி முடிந்துவிட்டாலும் இயந்திரம் முரண்டு பிடிக்கும் என்பார்கள்.

"பொட்டலத்தை யார் மாத்துவாங்க?"

"நான்தான். தேதி முடிஞ்சாத்தான் மாத்துவேன். இது புயலுக்கு முன்னாடி வச்சது. இன்னும் தேதி இருக்கு. தொடவே இல்லை."

யூன்ஷியா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். தூசிப் பரப்பில் ஒரு நீண்ட சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது. பழைய பொட்டலம் கிடந்த இடம். பச்சைப் பொட்டலம் அந்தச் சதுரத்தில் இல்லை. அதற்குக் கொஞ்சம் தள்ளி, தூசிக்கு மேலே, கழுவித் துடைத்ததுபோல் பளபளத்தது.

அவள் நிமிர்ந்தாள்.

"கூட்டத்துல பாக்கலாம் செயலரே."

"வாங்க, வாங்க. சாயங்காலம் ஆள் வந்து குடிசையில இருக்கற பெட்டியைக் கழட்டிட்டுப் போயிடுவாங்க. புதுசு போடப் போறோம். அந்தப் பொண்ணு பிடுங்கிப் பிடுங்கிப் பாழாக்கிட்டா."

*

காரில் பியாவ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். எதையோ மொறுமொறுவென்று தின்றுகொண்டிருந்தான்.

"என்ன அது?"

"தேங்காய் வெண்ணெய் வாசம். சமையலறை அலமாரியில டீத்தூள் டப்பாவுக்குப் பின்னாடி யாரோ ஒளிச்சு வச்சிருந்தாங்க. ஒளிச்சு வச்சாலே அது பசிக்கிறவனுக்குத்தான்."

யூன்ஷியா பொட்டலத்தைப் பிடுங்கினாள். பச்சை. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் முழுக்கத் தூசி.

"சாட்சியைத் தின்னுட்டியேடா!"

"பாதி சாட்சி இன்னும் இருக்கு அக்கா."

அவள் ஓரத்தில் அச்சடித்திருந்த தேதியைத் தேடிப் படித்தாள். முடிவதற்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது.

"கெட்டுப் போயிருக்கா?"

"அருமையா இருக்கு. அதான் எனக்கே சந்தேகம். நல்ல பொட்டலத்தை எடுத்து ஒளிச்சு வச்சுட்டு, எதுக்குப் புதுசு வைக்கணும்?"

"நீ டாக்சி ஓட்டினப்ப வண்டியில சாமி படம் வச்சிருந்தியே, அதுக்குப் புதுப் பூ எப்ப போடுவே?"

பியாவ் மெல்லுவதை நிறுத்தினான்.

"பண்டிகைக்கு. இல்லைன்னா... ஏதாவது ஏடாகூடமா ஓட்டப் போறேன்னா."

"அதான். தேதி முடிஞ்சு மாத்தறது வழக்கம். தேதி முடியறதுக்கு முன்னாடி மாத்தினா அது பயம். யாரோ அந்தக் கணினியை எதுவோ செய்யப் போனான். அது திரும்ப எழுந்திருக்குமான்னு அவனுக்கே பயம். புதுப் பொட்டலம் வச்சு வேண்டிக்கிட்டுத்தான் கை வச்சிருக்கான். குடிசைப் பெட்டி மேல பச்சைப் பொட்டலம் வைக்கலையான்னு குயென்கிட்ட கிளம்பும்போது கேட்டேன். குழந்தைங்க திங்கிறதுன்னா. அவளுக்கு இந்த வேண்டுதலே தெரியாது."

"அப்ப லூ. இல்லைன்னா தைனான் பையன்."

"ஹோங்ஜீக்குப் போன் போடு. கையைத் துடைச்சுட்டுப் போடு."

*

ஹோங்ஜீயின் குரல் முதலில் தூக்கக் கலக்கத்தில் இருந்தது. 'துப்பறியும் நிலையம்' என்று கேட்டதும் தெளிந்துவிட்டது.

"நான் கல்யாணமே ஆகாதவன் மேடம்."

"வாழ்த்துகள். இது மீன் விஷயம். குளத்துப் பெட்டிக்கும் அலுவலகக் கணினிக்கும் நடுவுல தகவல் வாங்கற மென்பொருளைப் போட்டது நீங்கதானே? கணினி அணைஞ்சிருக்கும்போது குளத்துத் தகவல் எங்க போகும்?"

"எங்கயும் போகாது. பெட்டியிலயே தேங்கி நிக்கும்."

"கணினி திரும்ப எழுந்ததும்?"

அந்தப் பக்கம் ஒரு மூச்சு மட்டும் கேட்டது.

"தம்பி, தைனான் ஒண்ணும் தூரம் இல்லை. நேர்லயே வந்து கேக்கட்டுமா?"

"தாண்டிப் போயிடும் மேடம்."

"எதைத் தாண்டி?"

"தேங்கினதை. ஆரம்பிக்கும்போது பழசை எல்லாம் விட்டுட்டு இப்ப வர்றதை மட்டும் வாங்குன்னு ஒரு வரி இருக்கு. அதை நான்தான் எழுதினேன்."

பியாவ் கண்ணை அகல விரித்தான். கைவிலங்கு மாட்டுவதுபோல் சைகை செய்தான்.

"யார் சொல்லி எழுதினீங்க?" யூன்ஷியாவின் குரல் கத்திபோல் ஆகிவிட்டது.

"எல்லாரும்தான்! புயல்ல லைன் போயி, திரும்ப வந்ததும் தேங்கின தகவல் மொத்தமும் கொட்டுச்சு. என்னைக்கோ வந்திருக்க வேண்டிய அபாயச் சத்தம் எல்லாம் ஒண்ணா வந்து ஊர்ல இருக்கற எல்லாப் போனும் கத்துச்சு. நல்லா நீந்திக்கிட்டிருந்த மீனைக் காப்பாத்த எல்லாரும் கொட்டற மழையில ஓடினாங்க. ஒருத்தர் வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாரு. செயலர் என்னை வரவழைச்சு, பழங்கதை வேணாம், எழுந்ததும் இன்னைக்கு நிலைமையை மட்டும் சொல்ற மாதிரி பண்ணுன்னாரு. அது தப்பான யோசனையும் இல்லை மேடம். நிறைய இடத்துல அப்படித்தான் வைப்பாங்க."

"அப்ப கணினியை அணைச்சுட்டுப் போட்டா, அந்த இடைவெளியில நடந்தது எதுவும் பதிவுல வராதுன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. அப்புறம் செயலருக்கு. பக்கத்துல உக்காந்து விளக்கமா கேட்டுக்கிட்டாரு."

"அதுக்கப்புறம் நீங்க அந்தக் கணினியைத் தொட்டீங்களா?"

"தொடணும்னா இங்கேர்ந்தே தொடுவேன். பச்சைப் பொட்டலத்துல எல்லாம் எனக்கு நம்பிக்கையும் கிடையாது, அவ்வளவு தூரம் வர வண்டியும் கிடையாது."

பொட்டலத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. யூன்ஷியாவின் புருவம் ஏறியது.

"பொட்டலம்னு யாரு சொன்னா?"

"செயலர்தான் போன வாரம் கேட்டாரு. கணினியை நானே அணைச்சுப் போட்டா ஏதாவது ஆகுமா, பொட்டலம் புதுசா வைக்கணுமான்னு. நான் சிரிச்சேன். ஏன், ஏதாவது ஆயிடுச்சா?"

யூன்ஷியா சிரிக்கவில்லை. ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது. கேட்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"தாண்டிப் போனது அழிஞ்சு போச்சா?"

"இல்லையே! தாண்டறது வேற, அழிக்கறது வேற. கணினி கேக்கல, பெட்டி சொல்லல. அவ்வளவுதான். பெட்டியில இடம் தீர்ந்தாத்தான் பழசு மேல புதுசு ஏறும். இன்னும் ஒண்ணு ரெண்டு நாளைக்கு அப்படியே இருக்கும்."

"பிளக்கைப் பிடுங்கினா?"

"பிடுங்கற வரைக்கும் எழுதினது அப்படியே இருக்கும். பெட்டியையே கழட்டித் தூக்கி எறிஞ்சாத்தான் போகும்."

யூன்ஷியா பியாவைப் பார்த்தாள். பியாவ் ஏற்கெனவே வண்டியைக் கிளப்பியிருந்தான்.

*

கூட்டம் அலுவலகத்து மாடியில் நடந்தது. குளத்துக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வரப்பும் குளங்களும் தெரிந்தன. குயென் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு இருபுறமும் நாற்காலிகள் காலியாக இருந்தன.

தலைவர் சுவாங் ஐந்து குளங்களில் இரண்டுக்குச் சொந்தக்காரர். நிறையப் பேசமாட்டார்.

"புகார் எழுதியாச்சு," என்றார் லூ. "தலைவர் முத்திரை போட்டா நானே கொண்டுபோய்க் குடுத்துடுவேன்."

"முத்திரைக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பெரியவரே," என்றாள் யூன்ஷியா. "பதிவுல வெற்றிடம் இருக்கு. சரி. ஒருத்தன் பேசறான், ஒருத்தன் கேக்கறான். நடுவுல சத்தம் நின்னு போச்சு. பேசறவன் வாயை மூடினானா, கேக்கறவன் காதை மூடினானா? வெற்றிடத்தைப் பாத்து மட்டும் அதைச் சொல்ல முடியுமா?"

தலைவர் சற்று யோசித்தார்.

"முடியாது."

"குளத்துப் பெட்டி பேசலைன்னு எல்லாரும் சொல்றீங்க. அலுவலகக் கணினி கேக்கலைன்னு நான் சொல்றேன். அதை அன்னைக்கு ஒருத்தர் அணைச்சு வச்சிருந்தாரு."

"கணினியை யாரும் தொடலைன்னு காலையிலயே சொன்னேன்," என்றார் லூ.

யூன்ஷியா காலிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

"இது புயலுக்கு முன்னாடி நீங்க வச்சது. இன்னும் தேதி முடியல. சமையலறையில ஒளிஞ்சிருந்துச்சு. தேதி முடிஞ்சாத்தான் மாத்துவேன்னு சொன்னீங்க."

அறையில் விசிறிகள் நின்றன. இப்படி ஒரு பொட்டலத்தை அகாலத்தில் மாற்றுவதன் அர்த்தம் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

"எலி கடிச்சிருந்துச்சு," என்றார் லூ.

"இல்லைங்க, நான் கடிக்கறப்ப முழுசாத்தான் இருந்துச்சு," என்றான் பியாவ்.

யாரோ சிரித்தார்கள். லூவின் காது சிவந்தது.

"பொட்டலம் மாத்தினா குற்றமா? சரி, மாத்தினேன். கணினி சூடாச்சு, அணைச்சுப் போட்டேன். அதுக்காக அந்தப் பொண்ணு பிளக்கைப் பிடுங்கினது இல்லைன்னு ஆயிடுமா? அவளே ஒத்துக்கிட்டா!"

"ஆமா, பிடுங்கினா. எப்பங்கிறதைப் பெட்டிகிட்டயே கேப்போம். ஹோங்ஜீ அந்தத் தாண்டற வரியை மாத்தித் தயாரா வச்சிருக்காரு. எழுந்ததும் தேங்கினதை முதல்லேர்ந்து வாங்கும். பெரியவரே, நீங்க சொன்னா கணினியை அணைச்சுப் போடலாம்."

லூ சட்டென்று மேசையைச் சுற்றி வந்தார்.

"இப்ப வேணாம்! பெட்டியை எடுக்க ஆள் வர்ற நேரம்..."

"உக்காரு," என்றார் தலைவர்.

அவரே மாடியிலிருந்து இறங்கிப் போனார். எல்லாரும் பின்னால் இறங்கினார்கள். கீழே அலுவலகத்தில் இடம் பத்தாமல் வாசல்வரை நின்றார்கள். தலைவர் பொத்தானை அழுத்தினார். திரை இருண்டது. பிறகு மெதுவாக வெளுத்தது. எண்கள் வரத் தொடங்கின.

வந்தன. வந்துகொண்டே இருந்தன. ஆக்சிஜன் சரி. மதகு மூடி. ஆக்சிஜன் சரி. மதகு மூடி.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார் ஒருவர்.

லூ தோளைத் தளர்த்திக்கொண்டார். "இதைத்தான் சொன்னேன். வெட்டி வேலை."

பியாவ் யூன்ஷியாவின் காதருகே குனிந்தான்.

"வண்டியைத் திருப்பி நிறுத்தி வைக்கட்டுமா? ஓடறதுக்கு வசதியா?"

"பொறு. முதல்லேர்ந்து வாங்குன்னு சொல்லியிருக்கோம். நல்ல நாள் எல்லாம் முதல்ல வரும்."

எண்கள் ஓடின. நாளுக்கு ஒரு சின்ன வெற்றிடம் வந்து போனது. கடைசியாக, மீன் செத்த அன்றைய காலைச் சோறு. பிறகு பெட்டிக்குக் கரன்ட் வந்தது. தொடர்ந்து வந்தது. குயென் சொன்னபடியே மறுபடி சொருகியிருந்தாள். மத்தியானம் ஆனது. கரன்ட் இருக்கிறது. ஆக்சிஜன் சரி.

தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அடுத்த வரியைப் படித்தார். படித்ததையே திரும்பப் படித்தார்.

"மதகு திறப்பு."

அவர் நிமிர்ந்து லூவைப் பார்த்தார்.

"சாவி உன்கிட்டதானே இருக்கு லூ?"

லூவின் கை அனிச்சையாக இடுப்புக்குப் போனது. பாதியிலேயே நின்றது.

எண்கள் நிற்கவில்லை. ஆக்சிஜன் இறங்கியது. வரிக்கு வரி இறங்கியது. லூவின் குளத்துச் சேற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஒவ்வொரு குளமாகப் போய்க்கொண்டிருந்ததை, நாள் கடந்து, எல்லாரும் நின்று பார்த்தார்கள். கரன்ட் இருக்கிறது. கரன்ட் இருக்கிறது. மீனுக்கு மூச்சு முட்டும் அளவுக்கு எண் சரிந்த பிறகும் கரன்ட் இருந்தது. அதற்கும் கீழே போன பிறகுதான் பெட்டியின் பேச்சு நின்றது.

"பின்னாடிதான்," என்றாள் யூன்ஷியா. "பம்புக்காகத்தான் பிடுங்கியிருக்கா."

"கொஞ்ச நேரம்தான் திறந்தேன்," என்றார் லூ. குரல் யாருடையதோ போல் இருந்தது. "மதகு திறந்தா எல்லார் போனும் கத்தும்னுதான் கணினியை அணைச்சேன். லாரிக்காரன் வரலை. கொஞ்ச நேரம்தானேன்னு... மீன் சாகும்னு நினைக்கல தலைவரே. போன் கத்தியிருந்தா அவ காப்பாத்தியிருப்பா."

அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கே உறைப்பதற்குள், அறையில் ஒரு போன் கத்தியது.

தலைவருடையது. பிறகு அவர் பக்கத்தில் இருந்தவருடையது. பிறகு வாசலில் நின்றவர்கள் பைகளில், சட்டைகளில், ஸ்கூட்டர் பெட்டிகளில் இருந்தவை எல்லாம். அன்றைக்கு வந்திருக்க வேண்டிய அபாயச் சத்தம், தேங்கியிருந்த ஒவ்வொன்றும், ஐந்து குளத்துக்கும் சேர்த்து ஒரேயடியாக வந்தது. அணைக்க அணைக்க அடுத்தது வந்தது. லூவின் போனும் அவர் இடுப்பில், சாவிக்குப் பக்கத்தில், விடாமல் கத்தியது. அவர் அதைத் தொடவில்லை.

யூன்ஷியா குயெனைத் தேடித் திரும்பினாள்.

அவள் நின்ற இடம் காலியாக இருந்தது. வாசல் கூட்டம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. வெளியே வரப்பின்மேல், சைக்கிளில் எழுந்து நின்று, முழு பலத்தோடு மிதித்துக்கொண்டு, குயென் குளங்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். கையில் பிடித்திருந்த போன் கத்துவது இங்குவரை கேட்டது.

"ஐயோ, யாராவது போய்ச் சொல்லுங்க," என்றார் தலைவர். "மீன் எல்லாம் செத்துப் போச்சு, இது பழைய சத்தம்னு யாராவது சொல்லுங்க அந்தப் பிள்ளைகிட்ட."

பியாவ் கார்ச் சாவியை எடுத்தான்.

"நான் போறேன் பெரியவரே. ஆனா அவ போற வேகத்துக்கு நம்ம வண்டி ஈடு குடுக்குமான்னு தெரியல."